இடமாற்றக் குறி

தனபாலன் அழுதுகொண்டே வெளியே வந்தார். எங்கள் மையத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கும்தான். அடுத்தவர் அழுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற வேலை எங்களுடையது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

கோயம்புத்தூரில் குடும்ப வழக்கு போடுகிறவர்கள் இப்போதெல்லாம் நேரே நீதிபதி முன்னால் போய் நின்றுவிட முடியாது. முதலில் எங்களிடம் வர வேண்டும். வாசலில் 'இடமாற்ற மையம்' என்று போர்டு வைத்திருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துக்கு மாறுதல் கேட்டு வருகிற வாத்தியார்களும் உண்டு. அவர்களை வாட்ச்மேனே பேசி அனுப்பிவிடுவார்.

நாங்கள் செய்வது இதுதான். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேர் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவோம். ஒரு மாதம் அவர்கள் பாட்டுக்குக் குடித்தனம் நடத்தலாம், சண்டை போடலாம். ஒருவர் வாயைத் திறந்தால் இன்னொருவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பட்டை பதிந்துகொள்ளும். தொண்டை அடைப்பது, வயிறு கலங்குவது, நெஞ்சு குளிர்வது, எல்லாம். நாள் முழுக்க ஓடுகிற பட்டை என்பதால் சுற்றிக் கேட்கிற சத்தமும் அதில் விழும். மாதம் முடிந்ததும், யார் மேல் புகாரோ அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தலையில் தொப்பியை மாட்டுவோம். அவர் தன் குரலைத் தானே எதிரிலிருந்து கேட்பார். கேட்கிற உடம்பு மட்டும் அவருடையது இல்லை, புகார் கொடுத்தவருடையது. 'என் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும்' என்று வீட்டுக்கு வீடு சொல்வார்களே, அதை மெஷினில் செய்கிறோம். அவ்வளவுதான்.

எழுந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விதம். சிலர் வாந்தி எடுப்பார்கள். சிலர் மெஷின் புளுகுகிறது என்று கத்துவார்கள். ஒரு வக்கீல் எங்கள் நாற்காலி மேலேயே கேஸ் போடுவேன் என்று குதித்தார். சிலர் அழுவார்கள். அழுதால் அறிக்கையில் 'உணர்ந்தார்' என்று எழுதலாம். அப்படி எழுதினால் பெரும்பாலும் வழக்கு வாபஸாகும். எங்கள் மேலதிகாரிகளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும்.

தனபாலனுக்குக் கணபதி பகுதியில் மோட்டார் பட்டறை. ஆள் நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, சத்தம் போட்டுப் பேசாதவர். கை நீட்டியதில்லை, குடிப்பதில்லை. மனுவைப் போட்டது அவர் மனைவி பிரபாவதி. முதல் நாள் இருவரும் என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்து, "டீயா, காப்பியாம்மா?" என்று கேட்டேன்.

"அவளுக்கு டீங்க" என்றார் தனபாலன். "காப்பி அவளுக்கு ஒத்துக்காது."

"உங்களுக்கு என்னம்மா குறை?"

"ஒரு குறையும் இல்லீங்க. கொஞ்ச நாளா அவளுக்குத் தூக்கம் சரியில்லை. அதான் இப்படி ஏதாச்சும் யோசிச்சுக்கறா" என்றார் தனபாலன்.

நான் அவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னேன். கதவு சாத்திய பிறகும் அந்த அம்மா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு என் வாய் வலித்தது. கடைசியில், "அவரு கெட்டவரு இல்லீங்க. ஆனா என்னால அங்க இருக்க முடியலைங்க" என்றாள். காரணம் என்ன என்று நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். "தெரியலீங்க" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இந்த மாதிரி கேஸ் தேறாது என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பட்டை மாதம் முடிந்ததும் அவள் காந்திபுரத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில், வருகிறவர்கள் முகத்துக்கு ஃபிரேம் எடுத்துக் கொடுக்கிற வேலை. வெள்ளிக்கிழமை கோர்ட். அதற்கு முந்தைய திங்கட்கிழமை தனபாலன் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுதுகொண்டு வெளியே வந்தார்.

வெளியே பெஞ்சில் பிரபாவதி இருந்தாள். அவள் முன்னாலேயே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எவ்வளவு பாரம் மேடம்! நாள் பூரா மாடா உழைச்சுட்டு உக்காந்தா, ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. எப்படித்தான் இத்தனை வருஷம் தாங்குச்சோ இந்த உடம்பு. பாவம் மேடம். பாவம்!"

அந்த அம்மா எழுந்து நின்றாள். அவள் முகத்தை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அவர் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"அவங்கம்மா செத்தப்பகூட அவரு அழுது நான் பாத்ததில்லீங்க. என் கஷ்டத்துக்கு அழுதிருக்காருன்னா..." என்று நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை வாபஸ் வாங்கிக்கறனுங்க. கடையிலயும் சொல்லிடறேன். ஒரு தடவை வாபஸ் வாங்கிட்டா மறுபடி போட முடியாதுன்னு வக்கீல் சொன்னாருங்க. பரவால்லீங்க."

நான் அறிக்கையில் 'உணர்ந்தார்' என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் ஹென்றி என் அறைக்கு வந்தான். ஹென்றி ஞானதுரை எங்கள் மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறவன், தெற்கே நாசரேத் ஊர்க்காரன். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. இங்கே வருகிற கூட்டத்தைப் பார்த்த பிறகு ஆசையும் போய்விட்டதாகச் சொல்வான்.

"தமயந்தி மேடம், கொஞ்சம் வாங்களேன். ஒண்ணு காட்டணும்."

அவன் திரையில் எனக்குப் புரிகிற எழுத்து ஒன்றுகூட இருக்காது. அவன் எழுதுகிற மொழியே அப்படி. எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் வரிசை வரிசையாக மொத்தமாக அள்ளி வேலை வாங்குகிற மொழி. ஒரு வேலைக்கு ஒரே ஒரு குறி. மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இவன் ஒற்றை வரியில் முடித்துவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

"இது என்ன தெரியுதா?" என்று ஒரு குறியைத் தொட்டான்.

⍨

"மூஞ்சி" என்றேன். மேலே இரண்டு கண், கீழே நெளிந்த வாய். அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

"இதுதான் இடம் மாத்துற குறி. பத்து கழித்தல் மூணுன்னா ஏழு. கழித்தல் பக்கத்துல இந்தக் குறியப் போட்டா, ரெண்டு பக்கமும் இடம் மாறிக்கிடும். மூணுல இருந்து பத்து போவும். மைனஸ் ஏழு."

"எண்ணையே மாத்தி எழுதிட்டுப் போயேன். இதுக்கு எதுக்குக் குறி?"

"எண்ணு நம்ம கையில இல்ல மேடம். கோர்ட்டுல இருந்து எப்படி வருது? பிரபாவதி எதிர் தனபாலன். மனு போட்டவங்க இடப்பக்கம், மத்தவங்க வலப்பக்கம். நம்ம மெஷின் இடப்பக்கம் இருக்கவங்கள நாற்காலியில உக்கார வச்சு, வலப்பக்கம் இருக்கவங்க பட்டதக் காட்டும். நமக்கு அது தலைகீழா வேணும். அதான் குறி. ஒரே எழுத்துல வேலை முடிஞ்சுதுல்லா?"

"முடிஞ்சுது. இப்ப என்ன பிரச்சினை?"

ஹென்றி தலையைச் சொறிந்தான். "இந்தக் குறிக்கு இன்னொரு குணம் உண்டு. இடப்பக்கம் ஆளே இல்லைன்னு வைங்க. வெறும் பத்து மட்டும் குடுக்குறோம். ஆள் குறையுதுன்னு அது சண்டை போடாது. அந்தப் பத்தையே ரெண்டு பக்கமும் நிறுத்திக்கிடும். பத்துல இருந்து பத்து போவும். சைபர்."

"கூட்டலா இருந்தா?"

"ரெண்டு மடங்கு."

"ஹென்றி, சுத்தி வளைக்காம சொல்லு."

"நேத்து இடப்பக்கம் காலி மேடம். பிரபாவதி அம்மாவோட தரவு காலியா வந்துருக்கு. காலியா வந்தா ஆளே இல்லைன்னு எடுத்துக்கன்னு நான்தான் எழுதி வச்சிருந்தேன். நாங்க மெஷினைச் சோதிச்சப்ப ஜோடிக்கு எங்க போவோம்? ஆபீஸ்ல அத்தனை பேரும் ஒண்டிக்கட்டை. ஒத்தை ஆள் பட்டையக் கட்டிக்கிட்டு, அவனையே அவனுக்கு எதிர்ல வச்சு ஓட்டிப் பாப்போம். அதுக்காகப் போட்ட வரி. அப்புறம் எடுக்க மறந்துட்டேன்."

"அப்ப தனபாலன் யார் இடத்துல உக்காந்தார்?"

"தனபாலன் இடத்துல."

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். எவ்வளவு பாரம் மேடம். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. பாவம் மேடம், பாவம். அந்த மனுஷன் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. களைத்து வீட்டுக்கு வருகிற தனபாலனை, களைத்து வீட்டுக்கு வந்த தனபாலனின் உடம்பிலிருந்தே பார்த்திருக்கிறார். பார்த்து மனம் உருகிப் போயிருக்கிறார்.

"பட்டை ரிப்பேரா?"

"அப்படித்தான் நானும் நினைச்சேன். பட்டை நல்லா ஓடியிருக்கு. இங்க பாருங்க." அவன் ஒரு கோட்டை இழுத்துக் காட்டினான். "இது காய்கறிக்காரர்ட்ட பேரம் பேசுறது. எம்மா, என்னா கோவம்! இது பஸ்ல போறப்ப. சிரிக்காங்க. இது பக்கத்து வீட்டுப் பிள்ளை கீழ விழுந்தப்ப. நெஞ்சு எப்படி அடிக்கி பாருங்க. இங்க சாயங்காலம், அவரு வண்டிச் சத்தம் கேக்கு."

கோடு படுத்துவிட்டது. அவன் நகர்த்த நகர்த்தப் படுத்தே கிடந்தது. காலையில் அவர் பட்டறைக்குக் கிளம்பிய பிறகுதான் மெல்ல எழுந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"நம்ம மெஷினுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா இருக்க நேரம் மட்டும்தானே கணக்கு?" என்றான் ஹென்றி. "அந்த நேரத்துல இவ்வளவுதான் இருக்கு. இது ஆள் இல்லாத அறையில பட்டைய மேஜை மேல வச்சா வர்ற அளவு. சும்மா இரைச்சல்னு மெஷின் கழிச்சு விட்டிருக்கு. கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்ல."

பயமோ வெறுப்போ இருந்திருந்தால் எங்கள் மெஷின் காட்டியிருக்கும். அவளிடம் அதுவும் மீதி இல்லை.

ஹென்றி அந்தக் கோட்டை மூடினான்.

"மேடம், ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. அந்தாளு மாறிட்டாருல்லா? நேத்து மல்லிப்பூ வாங்கிட்டு ஹாஸ்டல் வாசல்ல நின்னாராம். அந்தப் பக்கம் போன நம்ம வாட்ச்மேன் பாத்துட்டு வந்து சொன்னாரு. எதனால மாறினா என்ன? அந்தம்மாவும் போறேன்னு சொல்லிட்டாங்க. நாம போய் எதுக்குக் குட்டையக் குழப்பணும்?"

"மாறினாரா? தன் மேல தனக்கு இருந்த இரக்கம் ரெண்டு மடங்காயிருக்கு. நீதானே சொன்னே, கூட்டல்னா ரெண்டு மடங்குன்னு. அவ்வளவு இரக்கத்தையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனா, அதைக் கேக்க எதிர்ல ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் பூ."

எனக்கு அப்போதும் அடங்கவில்லை.

"பழசையெல்லாம் பாரு" என்றேன்.

"எதை?"

"அழுதுக்கிட்டு வெளிய வந்தவங்க எல்லாரையும்."

அவன் பார்த்தான். அதற்கு நேரமே ஆகவில்லை. அவன் மொழியில் அது ஒரு வரி. வாந்தி எடுத்தவர்கள், கத்தியவர்கள், அந்த வக்கீல், எல்லோருக்கும் இடப்பக்கத்தில் ஆள் இருந்தது. அழுதவர்களில் பாதிக்கு மேல் இடப்பக்கம் காலி. ஒரே ஒரு கேஸில் மட்டும் அழுதது மனைவி, காலியாக இருந்தது கணவர் பக்கம். அத்தனையும் வாபஸான வழக்குகள். ஆண்டறிக்கையில் வெற்றி என்று நாங்கள் படம் போட்டுப் பெருமையடித்துக்கொண்டவை. படங்களில் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்கள்.

"மேலிடத்துக்குத் தெரிஞ்சா மையத்தையே மூடிருவாங்க மேடம்."

"மூடட்டும்" என்றேன். அந்த நேரத்துக் கோபத்தில் சொன்னதுதான். அன்று சாயங்காலமே மேலதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். ஆனால் அவர்கள் கூட்டம் போட்டு முடிவெடுப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதனால் பிரபாவதியை நானே கூப்பிட்டேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர்கள் கொடுத்த நீல நிற மேல்சட்டையைப் போட்டிருந்தாள். தலையில் மல்லிப்பூ. கடையில் சொல்லிவிட்டதாகவும், சனிக்கிழமையோடு நின்றுகொள்வதாகவும் சொன்னாள். நான் இந்த வேலையில் யாருக்காகவும் உருகுகிறவள் இல்லை, உருகினால் இங்கே ஒரு வாரம் தாங்க முடியாது. ஆனாலும் அன்றைக்கு அவள் தலையிலிருந்த பூவைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

ஹென்றி சொன்னதையெல்லாம் என் பாஷையில் சொன்னேன். பத்தையும் மூன்றையும்கூட விடவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப அவரு அழுதது?" என்றாள்.

"அவருக்காக அழுதாரும்மா."

"என்னோடது எதுவுமே அவருக்குப் போகலீங்களா?"

"போகறதுக்கு எதுவும் பதியலைம்மா. அவர் வீட்டுல இருக்கற நேரத்துல உங்க பட்டை படுத்தே கிடந்தது. மத்த நேரத்துல நல்லா இருந்துது. காய்கறிக்காரரோட சண்டை போட்டிருக்கீங்க. பஸ்ல சிரிச்சிருக்கீங்க."

"பஸ்லயா? நானா?" சட்டென்று முகத்தை நிமிர்த்தினாள். "எதுக்குச் சிரிச்சனுங்க?"

"அது பட்டைக்குத் தெரியாதும்மா."

அவள் யோசித்தாள். நிஜமாகவே அதைத்தான் யோசித்தாள். புருஷன், கோர்ட், மெஷின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எந்த பஸ், என்றைக்கு என்று தேடிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் நெளிந்தேன். எங்கள் தரப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

"தப்பு எங்களோடதும்மா. மெஷின் தப்பாச் செஞ்சுடுச்சு. வேணும்னா மறுபடி பட்டையக் கட்டி..."

"இல்லீங்க" என்றாள். அவள் குரல் அப்படித் தெளிவாக வந்து நான் கேட்டதில்லை. "மெஷின் தப்பா ஒண்ணும் செய்யலீங்க. அந்த வீட்ல இருந்தது அவரு ஒருத்தருதானுங்க. பேசறவரும் அவருதான், எனக்கும் சேத்துப் பதில் சொல்றவரும் அவருதான். ரெண்டு பக்கமும் அவருதானுங்க இருந்தாரு. காரணம் என்ன, காரணம் என்னன்னு நீங்க அன்னைக்கு அத்தனை தடவை கேட்டீங்க. எனக்குச் சொல்லத் தெரியலை. உங்க மெஷின் சொல்லிடுச்சு."

இத்தனை வருஷமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு மனுவை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வர்றனுங்க" என்றாள். "வாபஸ் வாங்கறதுக்கு இல்லீங்க. நீங்க இப்ப சொன்னதை அங்கயும் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"கடையில வேற ஆள் போட்டுடறதுக்குள்ள போய்ச் சொல்லோணும்." எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். முகம் கோணி, அழப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று தெரியாமல் நின்றது.

"ஏதாவது குடிச்சுட்டுப் போங்கம்மா. டீ சொல்லட்டுமா?" பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "இல்ல, காப்பியா?"

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

"தெரியலீங்க" என்றாள் கடைசியில். "ரெண்டும் சொல்லுங்க. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."